பைன் ஃபாரஸ்ட் எந்தப் பக்கம்?

வடகவுஞ்சிப் பக்கமாகக் கொடைக்கானலுக்கு மலையேறும் வண்டிகள் நிறுத்திக் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, பைன் ஃபாரஸ்ட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" காட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு காட்டுக்கு வழி கேட்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 1906-இல் பிரையண்ட் துரை போட்ட சீமை மரத்தோப்புக்குக் காடு என்று பலகை மாட்டி, டிக்கெட் கிழிப்பது நாம்தானே!

பிரான்ஸில் லாஸ்கோ என்றொரு குகை. வருகிறவர்களின் மூச்சுக்காற்று பட்டே ஆதி ஓவியங்கள் கெடுகின்றன என்று 1963-இல் பூட்டிவிட்டார்கள். 1983-இல் பக்கத்திலேயே நகல் குகை ஒன்றைத் திறந்து, கூட்டத்தை அங்கே திருப்பினார்கள். மிதிபட்டது நகல், பிழைத்தது அசல். நம் வித்தை வேறு. பழனிமலைப் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி, அதன் நெஞ்சிலேயே வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று நகலை நட்டோம். வாட்டில் பட்டைக்குத் தோல் ஆலை காத்திருந்தது. யூகலிப்டஸ் கூழுக்கு ரேயான் ஆலை காத்திருந்தது. மழையைப் பிடித்துவைத்துக் கீழே பழனிக்கு விடுகிற புல்லுக்காகப் பேச எந்த முதலாளியும் இல்லை.

இப்படி மேய்ச்சல் நிலம் பறிபோன காட்டுமாடு வாழைத்தோட்டத்துக்கும் கொடைக்கானல் கடைவீதிக்கும் வந்தால், 'காட்டுமாடு அட்டகாசம்' என்று மறுநாள் செய்தி. யார் வீட்டில் யார் புகுந்தது ஐயா? நமக்குப் பிடித்ததெல்லாம் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் விலங்குகள். தின்னாது, முட்டாது, நஷ்டஈட்டு மனு வராது. அங்கேயாவது செத்ததைச் செத்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படக்குழு கொடைக்கானல் குணா குகைக்குப் பெரும்பாவூரில் செட் போட்டு வேலையை முடித்தது. 2024-இல் படம் ஓடியதுதான் தாமதம், அசலைப் பார்த்தே தீருவதென்று இங்கே படையெடுத்தோம். நகல் எதற்கு என்பது சினிமாக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

2018-இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். அதற்குள் அது பூக்கும் புல்வெளி மிஞ்சுமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். இப்போதே பிளாஸ்டிக் குறிஞ்சிக்கு டெண்டர் விட்டுவிடலாம். வாட்டிலை அகற்றும் கோப்புதான் நொண்டும், இந்த டெண்டர் கோப்பு பறக்கும். பன்னிரண்டு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. அமைச்சர் தேதி கொடுத்த அன்று பூக்கும். செல்ஃபி எடுத்து முடித்ததும் தூசி தட்டி, சுருட்டி, கோடவுனில் போட்டுப் பூட்டிவிடலாம்.