காப்பிக்குப் பின் வருவது: ஓர் ஆய்வுரை

காலைக் காப்பி உள்ளே போன சற்றைக்கெல்லாம் குடும்பத் தலைவர் செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு திசை நோக்கி விரைவது நாடறிந்த நிகழ்ச்சி. அதன் காரணம் ஈண்டு ஆராயப்படும்.

சூடே காரணம் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது, என்னை? 1990இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில் வெந்நீருக்குக் குடல் மசியவில்லை. காப்பி குடித்தவர்களில் சிலருக்கோ நான்கே நிமிடத்தில் பெருங்குடலின் கடைப்பகுதி சுருங்கத் தொடங்கிற்று. கஃபீனே காரணம் என்பாரும் உளர். கஃபீன் நீக்கிய காப்பியும் அதே வேலையைச் செய்ததால் அக்கூற்றும் விழுந்தது. டிகிரி காப்பி அபிமானிகள் மனத்தைத் தேற்றிக்கொள்க.

நான்கு நிமிடத்தில் காப்பியே அங்கு போய்ச் சேர்வதில்லை; சேதிதான் போகிறது. நரம்பும் ஹார்மோனும் தூது.

சேதி கிடைத்ததும் குடற்சுவரின் நரம்பு முனைகள் அசிட்டைல்கோலினைச் சுரக்கும், தசைக்குள் கால்சியம் ஏறும், தசை இறுகும். பின்னால் இறுகினால் போதுமா? முன்னால் வழி விட வேண்டாமா? அங்குள்ள தசையைத் தளரச் செய்வது நைட்ரிக் ஆக்சைடு. பின்னே இறுக்கம், முன்னே தளர்ச்சி என்னும் இவ்விதியை 1899இல் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் நாயின் குடலில் கண்டனர். வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்த பிறகும் குடல் தன் போக்கில் இயங்கியது. மூளையைக் கேட்டு நடப்பதாக நாம் நினைத்திருப்பது வீண் பெருமை. சில குழந்தைகள் குடலின் கடைசிப் பகுதியில் குடற்சுவரின் நரம்பணுக்கள் இல்லாமலே பிறக்கின்றன. அப்பகுதி தளராது, மூடியைத் திறக்காமல் பற்பசையைப் பிதுக்கிய கதையாக வயிறு உப்பும். அறுவைதான் வழி.

இந்த அசைவைத் தொடக்கி வைப்பதில் செரட்டோனினுக்குப் பெரும்பங்கு உண்டு. குடலின் உட்படலம் அழுந்தினால் அங்குள்ள அணுக்கள் அதை உமிழ்ந்து நரம்பைத் தட்டி எழுப்பும். ஞாயிறு மலர்கள் 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று கொண்டாடும் அதே சரக்குதான். உடலில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் இருக்கிறது. ஆனந்தத்தின் இருப்பிடத்தை நெஞ்சிலும் நெற்றியிலும் தேடிய தத்துவவாதிகள் இன்னும் கொஞ்சம் கீழே தேடியிருக்கலாம்.

குடலை முடுக்குவது காப்பி மட்டுமன்று; விளக்கெண்ணெயும் உண்டு. அதன் ரிசினோலெயிக் அமிலம் குடல் தசையில் எந்த ஏற்பியைப் பிடிக்கிறது என்பதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2012இல் சுண்டெலிகளைக் கொண்டு நிறுவினர். நம் பாட்டிமாருக்கு ஏற்பி தெரியாது; பேரனின் மூக்கை எப்போது பிடித்தால் வாய் திறக்கும் என்பது தெரியும்.

இரவெல்லாம் அடங்கிக் கிடக்கும் ஒன்றரை மீட்டர்ப் பெருங்குடல், விழித்தெழுந்த பின்னும் உண்ட பின்னும்தான் வலுவாக அசையும். ஆகவே ஒரே கழிவறை உள்ள வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் காப்பி கொடுப்பது கலகத்துக்கு வித்து என்பது எமது துணிபு. அடுப்படியில் நிற்பவர் யாராயினும், தலைக்குக் கால் மணி இடைவெளி விட்டு டம்ளரை நீட்டுமாறு வேண்டுகிறோம்.