சிடி கீறலும் இல்லத்து வைத்திய மரபுகளும்: ஓர் ஆய்வு

சிடியில் கீறல் விழுவது எதனால் என்ற வினாவுக்கு எல்லா இல்லங்களிலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போனார். காரணம் இவ்வாறு ஐயமற நிறுவப்பட்டுவிட்டதால், இக்கட்டுரை மருத்துவத்தை மட்டும் ஆராய்கிறது.

நோய்க்குறிகள் மூன்று: நாயகன் ஒரே சொல்லில் திக்கி நிற்றல், நாயகியின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறுதல், உள்ளே தட்டே இல்லை என்று பிளேயர் சாதித்தல்.

மரபுகளுள் மூத்தது ஊதல் மரபு. இதில் தூசி போகும், எச்சில் சேரும்.

அடுத்தது துடைத்தல் மரபு. வேட்டி நுனி, லுங்கி, பனியன் என்பன இதன் உட்பிரிவுகள். இம்மரபினர் வட்டமாகத் துடைப்போர், நேராகத் துடைப்போர் என இரு கட்சியினர். சிடியில் தரவு நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்கிறது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியளவே கெடுக்கும். அதை 1960இல் ரீடும் சாலமனும் வெளியிட்ட பிழைதிருத்தக் கணிதம் ஈடுகட்டிவிடும். சுருளோடு சேர்ந்து ஓடும் கீறலோ அடுத்தடுத்த தரவையெல்லாம் வரிசையாக விழுங்கும். எனவே வட்டக் கட்சியின் வாதம் தள்ளுபடி. எனினும் நாட்டில் அக்கட்சிக்கே பெரும்பான்மை.

மூன்றாவதான பற்பசை மரபு அறிவியலுக்கு அஞ்சாதது. சிடி என்பது 1.2 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட் தட்டு. பற்பசையின் நுண்துகள்கள் கீறலின் கூர்விளிம்பைத் தேய்த்து மழுக்குவதால் லேசர் ஒளி சிதறுவது குறைகிறது. குத்துவிளக்கு துலக்கிய அனுபவத்தால் விபூதியைப் பரிந்துரைக்கும் துணைமரபும் உண்டு. அதன் பலன் பக்தியைப் பொறுத்தது. புளூரேயில் தரவு 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருப்பதால் அங்கே எந்த மரபும் கைவைக்கலாகாது.

இனி, எல்லா மரபினரும் கோட்டைவிட்ட இடம். மின்னும் பக்கத்தைக் கைக்குழந்தைபோல ஏந்துவோர், படம் அச்சிட்ட பக்கத்தின்மேல் டீ டம்ளரை வைக்கிறார்கள். சிடியில் பாட்டு இருப்பதோ அந்தப் பக்கத்தை ஒட்டிய மெல்லிய அலுமினியப் பூச்சில். அதற்குக் காவல் அரக்குப் பூச்சும் அச்சு மையும் மட்டுமே. அங்கே கீறினால் பற்பசை, விபூதி இரண்டும் கைவிரிக்கும். டிவிடியில் தரவு 0.6 மி.மீ. ஆழத்தில், நடுவில் பத்திரமாக இருப்பதால் டம்ளருக்குச் சற்றுத் தாங்கும்.

ஆய்வு முடிவு: பச்சைத் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட், மெல்லிய பருத்தித் துணி, துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு. அதற்கும் மசியாவிட்டால் பற்பசை. ஒருமுறை ஓடிவிட்டால் மறுபடி தேய்க்காமல் உடனே பிரதி எடுத்துவிடுங்கள். அதிலும் கல்யாண சிடிக்கே முதலிடம். சினிமாப் படம் எங்கேயாவது கிடைத்துவிடும். பந்தியில் பாயசம் வரவில்லை என்று பெரியப்பா எழுந்து போன காட்சி வேறெங்கும் கிடைக்காது.