கழுதைக் கண்காட்சிப் புத்துயிர்ப்பு: நிற்றல் இலக்கணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கழுதைக் கண்காட்சியை மீட்டெடுக்க வேண்டும், அதன் தலையாய போட்டி நிற்றல் போட்டியாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இருந்து மறைந்ததைத்தானே மீட்க முடியும், இது எப்போது இருந்தது என்று முன்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழும். இல்லாத பொற்காலங்களையே மீட்டுப் பழகிய ஆய்வுலகம் இது. நான்கு காலோடு கண்முன் நிற்கும் ஒன்றை மீட்பதில் அதற்குத் தயக்கம் வேண்டியதில்லை. அவசரமும் இருக்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019இல் 1.2 லட்சம். ஏழாண்டில் 61 விழுக்காடு சரிவு. அதே ஏழாண்டில் கருத்தரங்கங்கள் குறைந்ததாகத் தகவல் இல்லை.

முதலில் மூலச் சான்றுகள். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பகைவரின் கோட்டையைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கினான் என்கிறது புறநானூற்றின் 15ஆம் பாட்டு. 392ஆம் பாட்டிலோ அப்படி உழுத நிலத்தில் வரகும் கொள்ளும் விதைக்கப்படுகின்றன. இது பகைவர்க்கு இழிவு என்பதோடு உரை முடிந்துவிடும். கழுதைக்கு அது ஒரு நாள் வேலை என்பதை யாரும் விளக்கவில்லை. அடுத்து முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 921. குடவோலையில் பெயர் எழுதத் தகாதோர் பட்டியலில் கழுதை ஏறியவரும் இருக்கிறார். வேட்பாளரைத் தகுதிநீக்கம் செய்யும் அதிகாரத்தை முதுகிலேயே வைத்திருந்த இவ்விலங்கை, மக்களாட்சி ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில்கூடச் சேர்க்கவில்லை. மூன்றாவது, பழமொழிகள்: ‘கழுதை கெட்டால் குட்டிச்சுவர்’ (வாய்மொழிப் பதிப்பு, திண்ணை வெளியீடு, ஆண்டு இல்லை); ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ (மேற்படி, திருத்தப்படாத பதிப்பு; கழுதையிடம் கருத்துக் கேட்கப்படவில்லை). நான்காவது, ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்னும் கடைக் கழுதைப் படம் (வண்ண அச்சு, கண்ணாடிச் சட்டகப் பதிப்பு, கல்லாவுக்கு நேர் மேல், ஊதுவத்திப் புகையேறிய பிரதி, ஒப்புநோக்குக: பக்கத்துக் கடைப் பிரதி, அதில் இடக்காதின்மீது பல்லி ஒன்று நிலையாகக் குடியிருப்பதால் கழுதைக்கு மூன்று காதெனக் கொள்ளும் பாடபேதம் எழுந்து, ஒரு காதை இடைச்செருகலென்று தள்ள நேர்கிறது). இந்நான்கிலும் கடைசிச் சான்று ஒன்றே கழுதையை நேரில் பார்க்கச் சொல்கிறது. கண்காட்சிக்கான கோட்பாட்டு அடிப்படை அங்கேதான் கிடக்கிறது.

நிகழ்காலக் கூட்டங்களைச் சுருங்கச் சொல்வோம். குஜராத்தின் வௌதா: சாபர்மதிக் கரை, கார்த்திகைப் பௌர்ணமி, சாயம் பூசிய கழுதைகள், விற்பனை. சித்திரகூடம்: தீபாவளியை ஒட்டி, மந்தாகினிக் கரை, விற்பனை. மெக்சிகோவின் ஒதும்பா: மே 1, கழுதைகளுக்கு மாறுவேடம். நம்மூர் மழைக் கல்யாணம்: மணமக்கள் கழுதைகள், மறுநாள் நாளிதழில் படம், அத்தோடு புகழ் முற்றும். இவற்றில் கழுதை சரக்காகவோ, வேடதாரியாகவோ, வானத்துக்கு அனுப்பும் மனுவாகவோ இருக்கிறது. அதற்கே உரிய திறமையை வைத்து யாரும் மதிப்பெண் போடவில்லை. குதிரையின் ஓட்டத்தையும் காளையின் திமிலையும் அளந்த கோலைக் கழுதையிடம் நீட்டினால் அது தோற்கத்தான் செய்யும்.

அதற்கே உரிய திறமை எது? நிற்றல். இதைப் பிடிவாதம் என்பாரும் உளர். அவர் கூற்று மறுக்கப்படும். என்னை? குதிரை புல்வெளியில் கூட்டமாக வளர்ந்தது. ஆபத்தென்றால் முதலில் ஓடும், காரணத்தைப் பிறகு தேடும். கழுதையின் மூதாதை வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட கல்நிலத்தில் இரை தேடிச் சிதறி வாழ்ந்த காட்டுக்கழுதை. அந்த வெயிலில், அந்தப் பாறைகளில் கண்மூடி ஓடினால் உயிர் மிஞ்சாது. ஆகவே அது நின்றது, பார்த்தது, பிறகு முடிவெடுத்தது. மனிதன் அதைப் பழக்கி ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளாகியும் அந்த ஒழுங்கை அது கைவிடவில்லை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. குறைந்த இரண்டில்தான் ஓடும் ஆசை இருந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணைக் கருதுகோள். சான்று கேட்டுக் கெடுக்கக் கூடாத அளவுக்கு அது அழகாக இருக்கிறது.

நிற்றல் ஐவகைப்படும். அச்சநிலை என்பது தேங்கிய நீரையோ சாக்கடை மூடியையோ கண்டு நிற்பது. ஆய்வுநிலை என்பது அதே மூடியை, அச்சம் தீர்ந்தபின், அறிவு கருதி நோக்கி நிற்பது. எதிர்ப்புநிலை என்பது சுமை மிகுந்தபோது நிற்பது. தொழிற்சங்க வரலாற்றில் இதற்குரிய இயல் இன்னும் எழுதப்படவில்லை. ஐயநிலை என்பது சம தொலைவிலுள்ள இரு வைக்கோற் போர்களுக்கு நடுவே எதைத் தின்பதென்று தெளியாமல் நிற்பது. பதினான்காம் நூற்றாண்டுப் பாரிஸ் மெய்யியலாளர் ழான் பூரிடானின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற கழுதை இவ்வகையைச் சேர்ந்தது. அது நின்று நின்று பசியால் செத்துப்போயிற்றாம். பூரிடானின் நூல்களில் அப்படியொரு கழுதை இல்லவே இல்லை. இல்லாத கழுதையைப் பல நூற்றாண்டுகளாகப் பட்டினி போட்டு, அதன் சாவுக்கு விளக்கம் எழுதியே பதவி உயர்வு பெற்றவர்கள் இருக்க, இருக்கிற கழுதைக்கு ஒரு கட்டு வைக்கோல் வாங்கிப் போட்டவர் பெயர் எந்த நூலடைவிலும் ஏறவில்லை. ஐந்தாவது வெறுநிலை: காரணமின்றி நிற்பது. ஏனைய நான்கும் புறப்பொருளைச் சார்ந்தவை. இது தன்னில் தானே நிறைந்தது. வெறுநிலை மேலும் மூன்றாகப் பிரியும். நடுத்தெருவில் நிற்றல், குட்டிச்சுவரோரம் நிற்றல், முன்னரே நின்றுகொண்டிருக்கும் இன்னொரு கழுதையின் அருகே போய் நிற்றல் என. மூன்றாவது, மேற்கோளாய்வு முறைக்கு மிக நெருங்கியது.

புறத்தோற்றத்தில் ஐவகையும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன எனின், அற்றன்று. நடுவருக்கு ஒன்றாகத் தோன்றுவது நடுவரின் பயிற்சிக் குறைவு. நிற்றல் எப்போது முறிகிறது என்பதே உண்மையான சிக்கல். ஒரு குளம்பைத் தூக்கி அதே இடத்தில் வைத்தால் முறிவில்லை. அது நடையின் முன்வரைவு மட்டுமே. காதசைவு கருத்துரிமை. வாலாட்டலில் எழுவாய் ஈ. கழுதை அங்கே வெறும் கருவி. கத்தினால்? மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் ஒலியெழுப்பும் பிராணி கழுதை. இடைவெளி விடாமல் பேசும் இவ்வாற்றல் காலை அசைக்காதவரை குற்றமாகாது. மேடைகளில் இதற்கு முன்னுதாரணங்கள் ஏராளம்.

நிற்பதைப் பார்க்க யார் வருவார்கள் என்பது அடுத்த தடை. வரவேற்புரை, வாழ்த்துரை, நோக்கவுரை, சிறப்புரை ஆகிய நான்கும் முடியும்வரை அசையாதிருந்து, ஏற்புரைக்கும் கைதட்டும் சமூகத்தில் பார்வையாளர் பஞ்சம் வராது. கண்காட்சியால் கழுதைக்கு என்ன பயன் என்பது கனமான தடை. இதற்குக் கேலி போதாது. பிரான்சின் புவாத்து இனம், சடைசடையாக மயிர் தொங்கும் பெருங்கழுதை, கோவேறு கழுதைகளை உருவாக்கவே வளர்க்கப்பட்டது. 1884இலேயே அதற்கு வம்சப் பதிவேடு தொடங்கியது. இயந்திரங்கள் வந்து கோவேறு கழுதைகளின் தேவை ஒழிந்ததும், 1977 கணக்கெடுப்பில் மிஞ்சியவை 44. அதன்பின் திட்டமிட்ட இனப்பெருக்கத்தாலும் பதிவேட்டாலும் நூற்றுக்கணக்கில் மீண்டன. எவை மிஞ்சின, எவரிடம் இருக்கின்றன, எது எதன் குட்டி என்று எழுதி வைத்ததால்தான் அது முடிந்தது. கண்காட்சி என்பது அந்தப் பதிவேட்டின் திறந்தவெளிப் பதிப்பு. தோலைக் காய்ச்சிச் சீன மருந்துப் பசை எடுப்பதற்காகக் கழுதைகளைக் கொல்வது பெருகி, 2024இல் ஆப்பிரிக்க ஒன்றியமே அதைத் தடுக்க முடிவெடுக்க நேர்ந்தது. செத்த கழுதைக்கு விலை குறித்தாகிவிட்டது. உயிரோடு நிற்கும் கழுதைக்கும் யாராவது ஒரு மதிப்புக் குறிக்க வேண்டும்.

எஞ்சியவை ஏற்பாடுகள். நிழல், தண்ணீர், வைக்கோல், கால்நடை மருத்துவர் கட்டாயம். மேற்கூரையும் வேண்டும், குதிரைமயிர் தாங்குவதுபோல் கழுதைமயிர் மழையைத் தாங்காது. இணைபிரியாத கழுதைகளைத் தனித்தனியே நிறுத்தலாகாது; பிரித்தால் வாடிப்போகும். பொன்னாடை போர்த்தலாம், கழுதை அதைத் தின்றுவிட்டால் திரும்பக் கேட்கக் கூடாது. மேடையேறிப் பரிசு வாங்க நடந்து வரும் கழுதை, நடந்த குற்றத்துக்காக அக்கணமே தகுதி இழக்கும். எனவே மாண்புமிகு விருந்தினரே இறங்கிப் போய்ப் பரிசை வழங்கக் கடவர். இறங்க மாட்டேன் என்று அவர் நின்ற இடத்திலேயே நிற்பாராயின், நடுவர்கள் நேரத்தைக் குறிக்கத் தொடங்கலாம்.