வான் வந்த கதை

பாரிஸில் இருக்கும் மருமகன் தொலைபேசியில், "மாமா, இந்த முறை நல்ல வான் ஒண்டோட வாறன்" என்றான். கட்டுநாயக்காவில் இருந்து கோப்பாய்க்கு வர வாகனம் பிடித்துவிட்டான், பெடியனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், "எத்தினை சீற்?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிரெஞ்சுக்காரர் வைனை வாயால் பாதியும் மூக்கால் பாதியுமாக அப்படித்தான் சொல்வார்களாம். வரப்போவது போர்தோ. சிவப்பு. ஒரு போத்தல்.

நான் 31 வருடம் கணிதம் படிப்பித்தவன். பாடம் பார்க்காமல் சோதனைக்குப் போக மனம் வராது. யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகக்கடைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி, "வைனைப் பற்றி, ஒண்டும் தெரியாத ஆக்களுக்கு எழுதின புத்தகம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவன் என் பழைய மாணவன். எழும்பி நின்றுவிட்டான். "சேர், அது பூசைச் சாமான் எல்லோ? வேதக்காரற்ற கடையில கேட்டுப் பாருங்கோ."

அவன் சொன்னதில் பிழையில்லை. வாசாவிளானுக்குப் பக்கத்தில் தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய ஆச்சிரமத்தின் றோசரியன் துறவிகள் செய்கிற திராட்சை வைன்தான் எங்கள் பக்கத்துக்கு வைன். அவர்களுடைய நெல்லிரசம் இல்லாத சைவ வீடும் குறைவு. என்னோடு படிப்பித்த கத்தோலிக்க நண்பரிடம் போனேன். புத்தகம் எதற்கு என்று சிரித்துவிட்டு, திருச்சபைச் சட்டம் 924ஐச் சொன்னார். பூசை வைன் இயற்கையானதாய் இருக்க வேணும், திராட்சையில் இருந்து வந்திருக்க வேணும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. "இதுக்கு மேல என்ன தெரிய வேணும்?" நான் பிறகு படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

லண்டனில் இருக்கும் தங்கை இரண்டு புத்தகம் அனுப்பினாள். ஒன்று 1995இல் வந்த 'வைன் ஃபோர் டம்மிஸ்'. அட்டையைப் பார்த்த மனிசி, "மச்சாள் ஆளறிஞ்சுதான் அனுப்பியிருக்கிறா" என்றாள். மற்றது கெவின் ஸ்ராலி 1985இல் எழுதிய பாடப்புத்தகம். நியூயோர்க் இரட்டைக் கோபுரத்தின் உச்சியில் இருந்த உணவகத்தில் அவர் நடத்திய வகுப்புகளில் இருந்து வந்தது. 2001இல் அங்கே கட்டடம் போய்ப் புத்தகம் மிஞ்சியது. இங்கே யாழ்ப்பாணத்தில் 1981இல் எரித்த நூலகத்தின் சுவர் மிஞ்சி, ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் போயின. சரி, வைனுக்கு வருவோம்.

இந்தப் புத்தகக்காரரின் சிக்கல் மூக்குத்தான். சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளை வைனில் 'கூஸ்பெரி' மணக்குமாம். அகராதியைப் புரட்டினால் நெல்லிக்காய். அட, இது தோலகட்டிச் சரக்கு என்று துள்ளிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தங்கை சொன்னாள், அந்தக் காய்க்கும் எங்கள் நெல்லிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லையாம். அதற்குப் பிறகு பிளாக்கரண்ட், தோல் சப்பாத்து, சுருட்டுப் பெட்டி, பென்சில் சீவின தூள் என்று பட்டியல் நீண்டது. பென்சில் தூள் ஒன்றில் மட்டும் எனக்கு 31 வருட அனுபவம். புழுக்கொடியல், பினாட்டு, காய்ந்த மண்ணில் விழுந்த முதல் மழை, இதில் ஒன்றையாவது எழுதியிருக்கக் கூடாதா?

சிவப்பு வைனை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்பது பழைய உபதேசம். அந்த அறை ஐரோப்பாக்காரனின் குளிர்ந்த அறை, 16 முதல் 18 பாகை. சித்திரையில் எங்கள் அறையில் வைத்தால் ரசம்தான் கிடைக்கும், மிளகு போடாத ரசம். போத்தலை நிலத்துக்குக் கீழே, இருட்டில், அதிர்வில்லாத இடத்தில் படுக்கவைக்க வேண்டுமாம். நிலத்துக்குக் கீழே இருட்டான இடம் எங்கள் வளவிலும் இருந்தது. 1987இல் நானும் பக்கத்து வீட்டு அண்ணையும் அலவாங்கு கொண்டு 'ட' வடிவத்தில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பதுங்குகுழி. அதிர்வு விஷயத்தில்தான் கொஞ்சம் குறை. இப்போது அதில் கதலி வாழை குலை தள்ளி நிற்கிறது.

அந்தக் குழியை வெட்டும்போது இரண்டடிக்குக் கீழே அலவாங்கு 'டங்' என்றது. சுண்ணாம்புக் கல். ஷாம்பேனிலும் பேர்கண்டியிலும் இதே சுண்ணாம்பு நிலத்தைத்தான் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் புகழ்கின்றன. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படையைத் தேசிக்காய்ப் புளி விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்த மனிசியிடம் இந்தப் பெருமையைச் சொன்னேன். "அப்ப வந்து சுரண்டுங்கோ" என்றாள். எங்கள் பக்கத்துப் பந்தல்களில் இஸ்ரேல் புளூ காய்க்கிறது. ஆனால் அது சந்தைக்குப் போகிற பழம்.

அந்த அண்ணை ஒரு புத்தகமும் படித்தவரல்ல, பின்னேரங்களில் தவறணை. 'ஒரே தோட்டத்து வைன் உயர்ந்தது' என்ற அதிகாரத்தை நான் விளங்கப்படுத்த வாயெடுத்ததும், "தனிப்பனைக் கள்ளு" என்று முடித்துவிட்டார். ஆண்பனையா பெண்பனையா, காலமை இறக்கினதா பின்னேரம் இறக்கினதா என்பதெல்லாம் அவருக்கு ஒரு மிடறுக் காரியம். மரப்பீப்பாய் வாசம் வைனில் ஏறும் என்றேன். பிளாவில் குடிச்சால் ஓலை மணக்காதோ என்று திருப்பிக் கேட்டார். துப்புகிற அதிகாரத்தில்தான் எங்கள் வகுப்பு கலைந்தது. ருசி பார்த்துவிட்டுத் துப்ப வேணும் என்றதும், "உனக்கு விசரே?" என்று எழும்பிப் போய்விட்டார்.

மருமகன் வந்தான், போத்தலும் வந்தது, தக்கை திறக்கிற திருகாணி வரவில்லை. அகப்பைக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளினோம். கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பதில் மூக்குப்பேணி. மூக்குத்தான் முக்கியம் என்று புத்தகம் சொல்கிறது, எங்கள் பேணிக்கே மூக்கு இருக்கிறது. சுழற்றி மணக்க வேணும் என்று நான் செய்துகாட்ட, அந்த மூக்கு வழியாக ஒரு வாய் போர்தோ என் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

நண்டுக்கறி மணம் பிடித்து வந்த அண்ணை ஒரு மிடறு எடுத்தார். கண்ணை மூடினார். துப்பவில்லை.

"தம்பி, இது தனிப்பனையோ, கலப்போ?"

மருமகன் போத்தலைத் திருப்பி வாசித்தான். மெர்லோவும் கபர்னேயும் கலந்ததாம்.

"நாக்கில பட்ட உடனயே நினைச்சன்" என்று பேணியைத் தள்ளி வைத்துவிட்டு, நண்டுக் காலை எடுத்து உடைத்தார்.