கரண்ட் பில் குறையாமல் இருக்க ஐந்து வழிகள்

கரண்ட் பில் குறைந்துவிட்டால் வீட்டில் யாரையும் திட்ட முகாந்திரம் இருக்காது. குடும்பத் தலைவர்கள் இந்த ஆபத்தைத் தவிர்க்கச் சில யோசனைகள்:

1. பாத்ரூமில் 9 வாட்ஸ் எல்இடி பல்பு வீணாக எரிந்தால் தெருமுனை வரை கேட்கும்படி கத்துங்கள். அந்த பல்பு ஒரு யூனிட்டைத் தீர்க்க 111 மணி நேரம் ஆகும். ஒன்றரை டன் ஏசி முழு மூச்சில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். எனவே ஏசி பற்றி வாயே திறக்காதீர்கள்.

2. ஸ்டார் முத்திரை போட்ட ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. விதி விதியாக இருக்கட்டும். நீங்கள் 18-க்கு இறக்கிவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஃபில்டரை மட்டும் கழற்றிப் பார்க்காதீர்கள். அடை மாதிரி தூசு படிந்திருக்கும். பார்த்தால் கழுவத் தோன்றும்.

3. தாத்தா வாங்கிய ஃபேனுக்குக் கண்டன்சர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 75 வாட்ஸ் ஃபேன் தினம் 20 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டில் பெரும்பங்கு தாத்தா கணக்கிலேயே போய்விடும். 30 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேனுக்கு 36 யூனிட்தான் என்று கடைக்காரர் சொன்னால், விலையைக் கேட்டு, "அடேயப்பா!" என்று படியிறங்கிவிடுங்கள்.

4. கரண்ட் பில் மட்டும் குறையாமல் இருந்தால் போதுமா? வீட்டுக் குப்பையும் குறையக் கூடாது. மஞ்சப்பையை வீட்டு ஆணியில் பத்திரமாக மாட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போங்கள். 2019-இல் தடை செய்த கேரி பேக்கைக் கேட்டு வாங்கி வந்து, கதவுக்குப் பின்னால் கவருக்குள் கவராகச் சேருங்கள். வாழைப்பழத் தோல், பால் கவர், சாம்பார் வழியும் பார்சல் டப்பா எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். தூய்மைப் பணியாளர் முகம் சுளித்தால், "நீங்களே பிரிச்சுக்குங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

5. ரீடிங் எடுக்கும்போது 502 வந்தால் கலங்காதீர்கள். 500-ஐத் தாண்டினால் கூடுதலான இரண்டு யூனிட்டோடு போகாது. முன்னால் ஓடிய யூனிட்டுகளிலும் ஒரு பகுதிக்கு ரேட் ஏறிவிடும். உடனே குடும்பக் கூட்டம் கூட்டி, மகனின் செல்போன் சார்ஜர்தான் காரணம் என்று தீர்மானம் போடுங்கள். கூட்டத்தை ஏசி ரூமிலேயே வையுங்கள். யாரும் பாதியில் எழுந்து போகமாட்டார்கள்.