சட்டம் சார், ஒரு வீடு இருக்குமா?

பெருமதிப்பிற்குரிய 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அவர்களுக்கு,

உங்கள் முழுப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினால் நான் இருக்கும் அறையின் சுவர் போதாது. ஆகவே ‘சட்டம் சார்’ என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று நீங்கள் அமலுக்கு வந்தீர்கள். அணுபுரம் பக்கம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. வந்திருந்தால் ஒரு ஓனருக்காவது உங்களை அடையாளம் தெரிந்திருக்கும்.

நான் தென்காசிப் பக்கம். கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அணுபுரம் குவார்ட்டர்ஸ் அணுசக்தித் துறை ஊழியர்களுக்கு. எங்களுக்கு வெளியே ஆமைப்பாக்கம், நெரும்பூர், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் என்று ஊர் ஊராகச் சைக்கிள் மிதிக்கும் உரிமை இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் கடல் தாண்டி வந்த டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிக்கொண்டார்கள். ‘பேச்சிலரா? கவுச்சி சமைப்பீங்களா?’ என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தமிழே பேசும் என்னைக் கேட்கிறார்கள். சொந்த ஊரைச் சொன்னால், அங்கே எந்தத் தெரு என்கிறார்கள். தெருவைச் சொன்னதும் வீடு ‘நேத்துதான் போயிடுச்சு’.

போகாமல் இருந்த ஒரு வீட்டு வாசலில் ஓனரம்மா சொன்னார்: “அட்வான்ஸ் பத்து மாசம் தம்பி. காலி பண்றப்போ ஒரு மாச வாடகை பெயிண்டிங்குக்குப் புடிச்சுக்குவோம்.”

“சட்டப்படி மூணு மாசம்தானேம்மா?” என்றேன்.

“அப்போ அந்தச் சட்டத்துக்கிட்டயே போய் வீடு கேளு.”

அதனால்தான் இந்தக் கடிதம்.

கரண்ட் விஷயத்தையும் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு 2016இல் அறிவித்தது. அந்த நூறும் ஓனர் பெயரில் வருகிறது, ஓனரோடு நின்றுவிடுகிறது. என் அறைக் கதவுக்கு மேலே ஒரு சப் மீட்டர். அதற்கு இலவசம் என்ற சொல்லே தெரியாது; முதல் யூனிட்டிலிருந்தே காசு. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறீர்கள். யாரும் நிறுத்துவதில்லை. ஐந்தாம் தேதி தாண்டியும் வாடகை வராவிட்டால் மோட்டார் தானாக ரிப்பேராகிவிடும், அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். அங்கே வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. ஊரிலிருந்து ஒருவனின் தம்பி வந்து ஒரு வாரம் தங்கினாலும் ஓனர் நோட்டில் ஒரு தலை கூடும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது உங்கள் விதி. எழுதிக் கொடுத்தால் வீட்டையே உரிமை கொண்டாடிவிடுவோம் என்பது ஓனரின் பயம். ஒப்பந்தம் இல்லாததால் முகவரிச் சான்று இல்லை. சான்று இல்லாததால் வீட்டு கேஸ் கனெக்‌ஷன் இல்லை. இந்தியன் ஆயில் 2020இல் ‘சோட்டு’ என்று பெயர் வைத்த அந்த ஐந்து கிலோ சிலிண்டர்தான் முகவரி கேட்காமல் வருகிறது. இந்த வட்டாரத்தில் எங்களை நம்புவது சோட்டு ஒன்றுதான்.

இவ்வளவு பட்ட பிறகு உங்களை முழுசாகப் படித்தேன். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது 11ஆம் பிரிவு. ஆனால் அந்த வாக்கியத்தின் வாசலிலேயே ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்: இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. சட்டம் சார், கையில் பெட்டியோடு தெருவில் நிற்கிறவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? நானும் பத்து மாதத்துக்குத் தலையாட்டினேன். அதில் பாதி வட்டிக்கு வாங்கியது. ஓனரம்மா உங்களை மீறவே இல்லை. உங்களை வரி வரியாகப் படித்த வக்கீல் மாதிரி நடந்துகொண்டார்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. அந்த ‘தவிர’வை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு, மூன்று மாதம்தான், காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டு வரியை மட்டும் அச்சடித்து, புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டச் சொல்லுங்கள். பசைக்கான செலவை வேண்டுமானால் எங்கள் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அணுபுரத்துக்கு வெளியே குடியிருக்கும் ஒரு தலை