அலமாரிக் கல்வெட்டுகள்: பள்ளி நூலக நன்கொடை, மட்டாஞ்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

பள்ளி நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வாங்க நன்கொடை திரட்டுவது குறித்துத் தமிழில் இதுவரை ஆய்வு ஏதும் வந்ததில்லை என்று ஆய்வாளர் துணிந்து கூறுகிறார். தேடிப் பார்த்தாரா என்று கேட்பது ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

ஆய்வுக் களம், கொச்சியின் மட்டாஞ்சேரி. கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், மலையாளம் பேசும் வீடுகள் கூப்பிடு தூரத்துக்குள் இருப்பதால் களப்பணியில் செருப்புத் தேய்மானம் குறைவு. ஆய்வுக் காலம், ஜூன் 19 முதல் ஒரு வாரம். கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவு நாளில் அங்குள்ள பள்ளிகளில் வாசிப்பு வாரம் தொடங்கும். மற்ற ஐம்பத்தொரு வாரங்கள் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை. பெரும்பாலான கொடையாளர்களின் எல்லைக்குள்ளும் வரவில்லை.

கொடை ஐவகைப்படும்.

முதலாவது, ரொக்கம். அரிது.

இரண்டாவது, பிறந்தநாள் கொடை. மிட்டாய்க்குப் பதிலாகப் பள்ளிக்கு ஒரு புத்தகம் என்பது கேரளப் பள்ளிகள் பலவற்றில் உள்ள வழக்கம். மிட்டாய் கிடைக்காத வகுப்புத் தோழர்களின் கருத்து இதுவரை தொகுக்கப்படவில்லை.

மூன்றாவது, பரண் கொடை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது விளைவது. விண்டோஸ் 98 கற்றுத்தரும் கையேடு, பழைய நுழைவுத்தேர்வு வினா விடை, மூன்று பாக நாவலில் நடுப்பாகம் மட்டும் ஆகியன இதில் அடங்கும் (காண்க: பழைய பேப்பர்க் கடைத் தராசு, இடத்தட்டு). விதிவிலக்கும் உண்டு. 2019இல் மட்டாஞ்சேரிப் பள்ளி மாணவி ஒருவர், பிறர் தந்த புத்தகங்களைக் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு நூலகம் திறந்தார். சந்தா கிடையாது; யாரும் எடுத்துப் படிக்கலாம். முறையியல் நோக்கில் இது பலவீனமான முயற்சி என்றே சொல்லவேண்டும்.

நான்காவது, தன்னூல் கொடை. விற்காத தம் நூலில் இருபது படிகளை எழுத்தாளரே சுமந்து வந்து தருவது. நூலாக்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் இதன் உட்பிரிவு. பிரிக்கப்படாமலே இருப்பதால் நூலகத்தில் மிக நல்ல நிலையில் உள்ளவை இவையே.

ஐந்தாவது, அலமாரி. ஆய்வு இனித்தான் தொடங்குகிறது.

புத்தகம் கேட்டால் அலமாரி வருவது ஏன்? பரப்பளவே காரணம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் கொடையாளர் பெயரெழுத இரண்டு அங்குலம் கிடைத்தால் பெரிது. இரும்பு அலமாரிக்கு ஆளுயரக் கதவுகள் இரண்டு. எனாமல் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். தம் பெயர், தந்தை பெயர், கடை பெயர் எல்லாம் எழுதியபிறகும் இடம் மிஞ்சும்.

கொடையைப் பொறித்து வைப்பதற்கு இவ்வூரில் தொன்மரபு உண்டு. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்துச் செப்பேட்டில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குப் பல்லக்கு, குடை, பகல் விளக்கு உள்ளிட்ட எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிய செய்தி வட்டெழுத்தில் உள்ளது. யூதர் மரபு அதைக் கி.பி. 379 என்று சொல்லி வந்தது, வரலாற்றாசிரியர்கள் கி.பி. 1000ஐ ஒட்டி என்கிறார்கள். அறுநூறு ஆண்டு வேறுபாட்டை அறிவுலகம் பதற்றமின்றித் தாங்கிக்கொண்டது.

அலமாரிச் சாசனத்திலோ சிக்கல் கடுமையானது. ஆண்டின் மூன்றாம் இலக்கம் துருவில் உதிர்ந்துவிட்டது. 1967 என்பது ஒரு சாரார் வாதம், 1987 என்பது மறு சாரார் வாதம் (காண்க: பச்சை அலமாரி, வலக் கதவு, துருவுக்கு மேல், மறுப்புக்கு: அதே கதவு, துருவுக்குக் கீழ், மறுப்புக்கு மறுப்பு: பியூனின் வாய்மொழிச் சான்று, மதிய உணவு இடைவேளை, மணியடித்ததும் அவரே திரும்பப் பெற்றது). இரு சாராரும் இரு கருத்தரங்குகள் நடத்தினர். அலமாரியைத் திறந்து பார்க்கலாமே என்று மாணவன் ஒருவன் கேட்டான். அவன் பெயர் கருத்தரங்க மலரில் இடம்பெறவில்லை.

செப்பேட்டில் கொடுத்தவர், பெற்றவர், கொடுத்த பொருள், சாட்சிகள் என நான்கும் உண்டு. அலமாரியில் முதலாவது மட்டுமே உண்டு.

கோட்பாட்டுப் பின்புலம் இல்லாத கட்டுரை எந்த இதழிலும் வராது என்பதால், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் இங்கே அழைக்கப்படுகிறார். 1933இல் வெளியான அவரது கோலன் பகுப்புமுறை பின்னர் எப்பொருளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து கூறாகப் பிரிக்கும் முறையாக வளர்ந்தது. அலமாரிக்குப் பொருத்தினால், ஆளுமை கொடையாளர், பொருள் இரும்பு, ஆற்றல் புகைப்படக்காரர், இடம் தலைமையாசிரியர் அறை, காலம் திறப்புவிழா முடியும்வரை. குழந்தைக்கு ஆறாம் கூறு தேவைப்படுகிறது.

இதே ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகம் கிடைத்தாகவேண்டும் என்றார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டி ஒன்று கிராமம் கிராமமாகப் புத்தகம் கொண்டுபோனது. வண்டியில் பெயரெழுத எவ்வளவு இடம் இருந்தது என்பது ஆய்வுக்குரியது.

கொச்சியில் 2018இல் நடந்த கிருதி புத்தகத் திருவிழாவில் ‘ஒரு குட்டிக்கு ஒரு புஸ்தகம்’ என்ற திட்டம் வந்தது. கூட்டுறவுச் சங்கங்களும் பிறரும் தந்த பணத்தில் பள்ளிக் குழந்தைகளுக்குக் கூப்பன் கிடைத்தது. வேண்டிய புத்தகத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். திட்டத்தின் குறை வெளிப்படை: கூப்பனுக்குக் கதவு கிடையாது.

இறுதியாக, அலமாரியின் உள்ளடக்கம். நூலகர் பணியிடமே இல்லாத பள்ளிகளில் பொறுப்பு ஏதாவதோர் ஆசிரியர் தலையில் விழுகிறது, சாவியும் அவரிடமே. உள்ளே விடைத்தாள் கட்டுகள், ஓட்டப்பந்தயக் கோப்பைகள், ஒரு மழைக்குடை ஆகியன இருக்கும் என்பது கருதுகோள். புத்தகம் வாங்க மறுபடி நன்கொடை கேட்டுச் சுற்றறிக்கை போயிருக்கிறது. இரண்டாம் அலமாரி வந்து சேர்ந்ததும் ஒப்பாய்வு தொடங்கும்.